கோப்பு முழுதாக வந்ததா? பினாங்கிலிருந்து மரபணுத் தரவைக் கையாள்வது குறித்து ஒரு பார்வை

2013 பிப்ரவரியில் 'பி.எம்.சி. ஜீனோமிக்ஸ்' இதழில் ரப்பர் மரத்தின் மரபணுத் தொகுதி வரைவு வெளிவந்தது. அந்த வேலை நடந்த இடம் பினாங்கு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேதி உயிரியல் மையம், பாயான் லெப்பாஸ் பக்கம் புக்கிட் ஜம்புலில் இருக்கிறது. முன்னரே பப்பாளி மரபணுத் தொகுதியில் பங்காற்றியவரும், சணலின் மரபணுத் தொகுதியை வங்காளதேசத்துக்குப் பெற்றுத் தந்தவருமான மக்சூதுல் ஆலம் அந்தக் குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவர். நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலை இருட்டில் பால் வெட்டிய மரத்தின் உள்ளெழுத்தை, அவர்கள் வாழ்ந்த இதே நாட்டில் உட்கார்ந்து படித்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்தக் கட்டுரையின் முடிவுகளைவிட, அதற்குள் அடங்கிய தரவின் கனம்தான் இங்கே நம் கேள்வி. ரப்பர் மரத்தின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 215 கோடி எழுத்து நீளம் என்று மதிப்பிட்டார்கள். அதில் 110 கோடி எழுத்துகள் அளவுக்குத்தான் கோத்துக் காட்ட முடிந்தது. காரணம், தொகுதியில் சுமார் 78 விழுக்காடு ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வருபவை. எழுத்துகளைப் படித்துத் தந்த இயந்திரங்களும் ஒரே வகையல்ல. ரோச் 454, இல்லுமினா, சாலிட் என மூன்று வகை. முதல் இரண்டும் ஏ, சி, ஜி, டி என்று எழுத்தாகவே தரும். சாலிட் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒரு நிற எண்ணாகத் தரும். ஆக, ஒரே மரத்தைப் பற்றி வேறு வேறு வடிவங்களில் கோப்புகள். அவற்றை ஒரே ஆய்வுத் தளத்துக்குள் ஏற்றி, ஒன்றோடொன்று பேசவைத்த பிறகுதான் உயிரியல் தொடங்குகிறது. 2016இல் அதே பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தாரும் சேர்ந்து 155 மடங்கு வாசிப்புடன் (அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 155 தடவை படித்து) 155 கோடி எழுத்து நீளமுள்ள மேம்பட்ட வரைவை வெளியிட்டார்கள். மரம் அதேதான், கையாள வேண்டிய தரவுதான் பன்மடங்கு பெருகியது.

மரபணுத் தரவை ஆய்வுத் தளத்தில் ஏற்றுவதைப் பலரும் ஒரு எடுபிடி வேலையாகவே பார்க்கிறார்கள். மாணவர் இரவில் போட்டுவிட்டுப் போவார், காலையில் வந்து பார்ப்பார், அவ்வளவுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. எந்தக் கோப்பு, எந்த வடிவில், எந்தப் பதிப்பின்படி, எந்தக் கணினிக்குப் போகிறது என்பதில்தான் பின்னால் வரும் முடிவின் பாதி தங்கியிருக்கிறது.

முதலில் கோப்பைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இயந்திரம் தரும் மூலக் கோப்புக்கு ஃபாஸ்ட்க்யூ என்று பெயர். அதில் ஒவ்வொரு வாசிப்புக்கும் நான்கு வரி. முதல் வரி பெயர், இரண்டாவது எழுத்துகள், மூன்றாவது ஒரு கூட்டல் குறி, நான்காவது, ஒவ்வோர் எழுத்தையும் இயந்திரம் எவ்வளவு உறுதியாகப் படித்தது என்பதற்கான குறியீடு. மனித மரபணுத் தொகுதி சுமார் 310 கோடி எழுத்து. அதை 30 மடங்கு படித்தால் 9,300 கோடி எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தரக்குறி என்றால் கணக்கு இரட்டிக்கும். பெயர் வரிகளையும் சேர்த்தால் 200 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். சுருக்கிய பிறகு ஒரு மனிதருக்கு 80 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்குச் சரியான மதிப்பு.

இதை விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் முழு வேகத்தில் அனுப்பினால் ஒன்றேமுக்கால் மணி நேரம். வீட்டு இணைப்புகளில் பல, இறக்குவதற்கு ஒரு வேகமும் ஏற்றுவதற்கு அதைவிடக் குறைந்த வேகமும் தருபவை. ஏற்றும் வேகம் 20 மெகாபிட் என்றால் ஒன்பது மணி நேரம். நூறு நோயாளிகளின் தரவு என்றால் தொள்ளாயிரம் மணி நேரம். ஒரு மாதத்துக்கு மேல் இரவு பகலாக ஓட வேண்டும்.

தூரம் செய்யும் கெடுதல் வேறு. பினாங்கு இந்த விஷயத்தில் ஒதுக்குப்புறம் அல்ல. 1870இலேயே சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். இன்றும் 'பே ஆஃப் பெங்கால் கேட்வே' என்ற கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி சென்னை, கொழும்பு, பினாங்கு மூன்றையும் தொட்டுப் போகிறது. ஆனாலும் ஒளி போய்த் திரும்ப நேரம் எடுக்கிறது. பினாங்கிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்று பதில் வர ஒரு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆகும். சாதாரண இணையப் பரிமாற்றத்தில், அனுப்பும் கணினி ஒரு கட்டுத் தரவை அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பழைய முறையில் அந்தக் கட்டின் உச்ச அளவு 64 கிலோபைட். விநாடிக்கு ஐந்து கட்டு என்றால் 320 கிலோபைட்தான். நம் 80 ஜிகாபைட் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும், கம்பி எவ்வளவு அகலமாக இருந்தாலும்! இன்றைய கணினிகள் கட்டைப் பெரிதாக்கிக்கொள்ளும். ஆனால் வழியில் ஒரு துண்டு தொலைந்தாலும் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். தூரம் அதிகமானால் பழைய வேகத்துக்குத் திரும்ப நேரமும் அதிகமாகும். 'எங்கள் இணைப்பு வேகமானதுதான், ஆனால் கோப்பு மட்டும் ஊர்கிறது' என்று மாணவர்கள் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

இதற்காகவே சில வழிகள் உருவாயின. ஆஸ்பெரா என்ற மென்பொருள் பதிலுக்குக் காத்திருக்கும் முறையையே விட்டுவிட்டு வேறு நெறிமுறையில் தரவைக் கொட்டுகிறது. குளோபஸ் ஒரே கோப்பைப் பல ஓடைகளாகப் பிரித்து அனுப்புகிறது. நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது, முடிந்ததும் சரிபார்க்கிறது. இதெல்லாம் போதாது என்று ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டியில் வைத்து அனுப்பியவர்களும் உண்டு. உலகின் மிகப் பெரிய மரபணு வாசிப்பு நிறுவனங்களில் ஒன்றான சீனாவின் பி.ஜி.ஐ., 2011 வாக்கில் தன் வாடிக்கையாளர்களுக்குக் கூரியரில் டிஸ்க் அனுப்பிக்கொண்டிருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல டெராபைட் தரவுக்கு இன்றும் அது நியாயமான வழி; டிஸ்க்கைப் பூட்டு எண்ணால் காத்து அனுப்பினால் போதும்.

பல்கலைக்கழக வளாகத்துக்குள் இன்னொரு தடை இருக்கிறது. வளாகத்தின் தீயரண், ஆயிரம் பேர் மின்னஞ்சல் பார்ப்பதற்கென்று அமைத்தது. ஒரே ஒருவர் ஒரே ஓடையில் பல ஜிகாபைட்டை இழுக்கும்போது அது ஒவ்வொரு துண்டையும் நிறுத்திப் பார்க்கும். அமெரிக்காவின் எரிசக்தித் துறை ஆய்வு வலையமைப்பான இ.எஸ்.நெட் இதற்குத் தெளிவான தீர்வு சொன்னது: பெரிய தரவுக்கென்று தனிக் கணினி ஒன்றை, பொதுத் தீயரணுக்கு வெளியே, தனிப் பாதுகாப்பு விதிகளுடன் வைக்க வேண்டும். மலேசியப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ஆய்வு வலையமைப்பான மைரென் 2005 முதல் இருக்கிறது. நெடுஞ்சாலை வாசல் வரை வந்த பிறகு வாசலில் நெரிசல் என்றால், குறை சாலையில் இல்லை.

இனி ஆய்வுத் தளங்களுக்கு வருவோம். பணமில்லாத ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரிய வரம் கேலக்ஸி. 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கட்டளை வரி தெரியாத உயிரியல் மாணவரும் உலாவியில் பொத்தானை அழுத்தி மரபணு ஆய்வு செய்யலாம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் அதன் பெரிய சர்வர்கள் இலவசமாக ஓடுகின்றன. முன்பெல்லாம் 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை உலாவி வழியே ஏற்ற முடியாது, எஃப்.டி.பி. வழிதான் என்று இருந்தது. இப்போது அறுந்தால் தொடரும் பதிவேற்றம் உலாவியிலேயே வந்துவிட்டது.

ஆனால் கேலக்ஸியில் பலர் கவனிக்காமல் விடும் வசதி ஒன்று உண்டு. கோப்பை ஏற்றாமல், கோப்பின் இணைய முகவரியை மட்டும் ஒட்டலாம். பினாங்கில் இருக்கும் மாணவி, ஐரோப்பியத் தரவுக் காப்பகமான ஈ.என்.ஏ.யில் உள்ள ஒரு கோப்பின் முகவரியை ஃப்ரைபர்க் சர்வரில் ஒட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு இங்கிலாந்திலிருந்து நேரே ஜெர்மனிக்குப் போகிறது. பினாங்கிலிருந்து போனது ஒரு வரி கட்டளை மட்டுமே. அவள் வீட்டு இணைப்பு எவ்வளவு மெதுவானது என்பது இங்கே பொருட்டே இல்லை. கடலைத் தாண்டித் தன் மடிக்கணினிக்கு இறக்கி, மறுபடியும் கடலைத் தாண்டி ஏற்றுவதுதான் பலரும் செய்யும் வீண் வேலை.

இலவச இடத்துக்கு எல்லை உண்டு. முதன்மை அமெரிக்க சர்வரில் பதிவு செய்தவருக்கு 250 ஜிகாபைட் என்பது வழக்கமான ஒதுக்கீடு. மூலக் கோப்பு, சுத்தம் செய்த கோப்பு, ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மரபணுத் தொகுதி வரைபடத்தில் பொருத்திய கோப்பு என்று ஒவ்வொரு படியும் ஒரு நகலை விட்டுப்போகும். மூன்று மனிதத் தொகுதிகளை ஏற்றுவதற்குள்ளேயே இடம் தீர்ந்துவிடும். இடைநிலைக் கோப்புகளை அவ்வப்போது அழிக்கும் ஒழுக்கம் வேண்டும்.

கோப்பு வந்துவிட்டது; முழுதாக வந்ததா? இதைக் கேட்காமல் ஆய்வைத் தொடங்கக் கூடாது. காப்பகங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் எம்.டி.5 என்ற 32 குறிகள் கொண்ட கைரேகையைத் தருகின்றன. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும். வந்த கோப்புக்கு அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டால் போதும். பாதியில் அறுந்த கோப்பு எப்போதும் பிழை காட்டி நிற்கும் என்று நம்பக் கூடாது. சில கருவிகள் இருக்கும் வரிகளை மட்டும் படித்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் முடிவைத் தந்துவிடும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றாளர்களின் பெயர்கள் தேசியக் கணக்கில் வராமல் போனதை நினைத்துப் பாருங்கள். பழைய எக்ஸெல் வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. மிச்ச வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. அத்தனை பேரோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

முழுதாக வந்த கோப்பும் தவறாகப் படிக்கப்படலாம். தரக்குறியை எடுத்துக்கொள்வோம். இன்றைய முறையில் ஆங்கில 'ஐ' எழுத்து 40 என்ற மதிப்பைக் குறிக்கும். அதாவது பத்தாயிரத்தில் ஒரு தடவைதான் தவறு. ஆனால் இல்லுமினா 2011 வரை வேறு அளவுகோலை வைத்திருந்தது. அதில் அதே 'ஐ' வெறும் 9. எட்டில் ஒன்று தவறு. பழைய கோப்பை ஏற்றும்போது வகையைச் சரியாகக் குறிக்காவிட்டால், குப்பை எழுத்துகள் தங்க எழுத்துகளாக உள்ளே நுழையும். கேலக்ஸி இதனால்தான் வெறும் 'ஃபாஸ்ட்க்யூ' என்று ஏற்காமல் 'ஃபாஸ்ட்க்யூ சேங்கர்' என்று வகை குறிக்கச் சொல்கிறது. மாணவர்கள் இதை ஒரு தொல்லையாக நினைக்கிறார்கள். அது அவர்களைக் காக்கும் வேலி.

இதைவிட ஆபத்தானது வரைபடப் பதிப்பு. மனித மரபணுத் தொகுதிக்கு 2009இல் வந்த பதிப்பு ஒன்று, 2013 இறுதியில் வந்த பதிப்பு ஒன்று, இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. தலசீமியாவுக்குக் காரணமான பீட்டா குளோபின் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் இந்த நோயின் பெயரைக் கேள்விப்படாத குடும்பம் குறைவு. அந்த மரபணு 11ஆம் குரோமோசோமில் பழைய பதிப்பின்படி 52 லட்சத்து 46 ஆயிரத்தையொட்டித் தொடங்குகிறது; புதிய பதிப்பின்படி 52 லட்சத்து 25 ஆயிரத்தையொட்டி. மரபணுவின் நீளமே சுமார் 1,600 எழுத்துதான். பதிப்பு மாறினால் நாம் பார்ப்பது 21,000 எழுத்து தள்ளி வேறோர் இடத்தை. அங்கே பிழை எதுவும் இல்லை என்று கருவி சொல்லும். அது உண்மைதான், ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. இதோடு, ஒரு கோப்பு '11' என்றும் மற்றொன்று 'சி.எச்.ஆர்.11' என்றும் குரோமோசோமுக்குப் பெயர் வைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே மாட்டா.

பட்டியல்களை எக்ஸெலில் திறப்பதும் இதே வகைக் கேடு. 'மார்ச்1', 'செப்ட்2' என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் மரபணுப் பெயர்க் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது.

முழுக் கோப்பும் வேண்டுமா என்று முதலிலேயே கேட்பவர் குறைவு. இதை ஒரு தமிழ் எடுத்துக்காட்டோடு சொல்லலாம். '1000 மரபணுத் தொகுதிகள்' திட்டம் 2015இல் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவை வெளியிட்டது. அதில் இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் உண்டு. இவர்களின் தரவு யாரும் அனுமதி கேட்காமல் எடுக்கும்படி திறந்தே கிடக்கிறது. பின்னர் இதே திட்டத்தின் 3,202 மாதிரிகளை 30 மடங்கு ஆழத்தில் மறுபடி படித்தார்கள். சுருக்கிய 'க்ராம்' வடிவில் ஆளுக்குச் சுமார் 15 ஜிகாபைட். 102 பேருக்கு ஒன்றரை டெராபைட். பீட்டா குளோபினை மட்டும் பார்க்க விரும்பும் ஆய்வாளர் இவ்வளவையும் இறக்க வேண்டியதில்லை. கோப்போடு ஓர் அட்டவணைக் கோப்பும் இருக்கும். எந்தக் குரோமோசோமின் எந்தப் பகுதி கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். சாம்டூல்ஸ் போன்ற இலவசக் கருவி அதைப் பார்த்து, தேவையான துண்டை மட்டும் தொலைவிலிருந்தே வெட்டித் தரும். ஜிகாபைட் வேலை கிலோபைட்டில் முடிகிறது. ஒரு எச்சரிக்கை: க்ராம் வடிவம் மூல வரைபடத்திலிருந்து மாறுபடும் எழுத்துகளை மட்டுமே சேமிக்கிறது. அதே வரைபடம் கையில் இல்லாவிட்டால் கோப்பைத் திறக்க முடியாது.

கடந்த சில ஆண்டுகளாகப் பெரிய திட்டங்கள் இந்தக் கேள்வியையே தலைகீழாகத் திருப்பிவிட்டன. தரவு உங்களிடம் வராது, நீங்கள் தரவிடம் வாருங்கள் என்கின்றன. இங்கிலாந்தின் யு.கே. பயோபேங்க், 2023 நவம்பரில் வெளியிட்ட சுமார் 5 லட்சம் பேரின் முழு மரபணுத் தொகுதியைத் தன் மேகத் தளத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்கச் சொல்கிறது. இந்தியாவின் 'ஜீனோம் இந்தியா' 10,000 பேரின் தரவை ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைத்து, 2025 ஜனவரியில் விண்ணப்பம் வழியே திறந்தது. மொத்தம் 8 பெட்டாபைட். விநாடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பில் இதை நகலெடுக்க இரண்டாண்டு பிடிக்கும். நகலெடுக்க நினைப்பதே பொருளற்றது.

இந்த மாற்றம் பினாங்கு போன்ற ஊருக்கு நல்லதா? பாதி நல்லது. பெரிய சர்வர் வாங்கப் பணமில்லாத துறையும், ஒரு மடிக்கணினியோடு உலகின் மிகப் பெரிய தரவைத் தொட முடிகிறது. ஆனால் கணக்குப் பார்க்கும் நேரத்துக்கு வாடகை கட்ட வேண்டும், அதுவும் டாலரில். மேகத்திலிருந்து வெளியே எடுத்தால் அதற்கும் தனிக் கட்டணம். அமேசானின் அமெரிக்க மையங்களில் ஒரு ஜிகாபைட்டுக்கு 9 சென்ட் என்பது பரவலான பட்டியல் விலை. ஒரு டெராபைட்டை வெளியே எடுக்க 90 டாலர். உள்ளே கொண்டுபோக மட்டும் காசில்லை. ஆய்வு நிதி முடிந்த அன்று, சொந்த மாதிரிகளின் தரவும் அடுத்தவர் இடத்தில் மாட்டிக்கொள்ளும். முனைவர் பட்டத் திட்டம் எழுதும்போதே இந்த வெளியேற்றச் செலவைக் கணக்கில் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

மனிதத் தரவு என்றால் சட்டமும் வருகிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 முதல் இருக்கிறது, 2024இல் திருத்தப்பட்டது. உடல்நலத் தகவலைக் கூடுதல் காப்புள்ள தகவலாக வைக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் விதி சொல்கிறது. ஒரு நோயாளியின் ஃபாஸ்ட்க்யூவை வெளிநாட்டு இலவச சர்வரில் ஏற்றும் முன், அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வாளரின் கடமை. ரப்பர் மரத்துக்கு அந்தக் கவலை இல்லை. மனிதரின் மரபணு அவர் குடும்பத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

மலேசியத் தமிழ் நோயாளி ஒருவரின் மரபணு மாற்றம் அபூர்வமானதா, நம் மக்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதா என்று அறிய, நம் இனத்தாரின் தரவோடு ஒப்பிட வேண்டும். மேலே சொன்ன 102 இலங்கைத் தமிழர்கள் ஒரு மூலம். 2019இல் 'செல்' இதழில் வந்த சிங்கப்பூர் ஆய்வின் 4,810 பேரில் 1,127 பேர் இந்திய வம்சாவளியினர். இவற்றின் தொகுப்பு முடிவுகள் அப்படியொன்றும் பெரிய கோப்புகள் அல்ல. பினாங்கில் ஒரு பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ, திறந்த தரவின் நகலை, பதிப்பும் கைரேகையும் குறித்து, உள்ளூர் சர்வரில் வைத்துப் பராமரிக்கலாம். ஒவ்வொரு மாணவரும் அதே கோப்பைத் தனித்தனியே கடல் தாண்டி இழுக்கும் வேலை மிச்சமாகும். அதற்கு வேண்டியது ஒரு சர்வரும், அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் நிரந்தர ஊழியர் ஒருவரும்தான். பட்டம் முடிந்ததும் போய்விடும் மாணவரிடம் இந்த வேலையை விடுவது சரியல்ல.

உயிர்த்தகவலியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டின் 'முறைகள்' பகுதியில், கோப்பு எந்தக் காப்பகத்திலிருந்து வந்தது, எந்தத் தேதியில், எந்த எம்.டி.5 எண்ணுடன், எந்த வரைபடப் பதிப்பின்படி என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த நான்கு வரி இல்லாத ஆய்வேட்டைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள்.